சோளக்கதிர்க் கம்பளி

கோடை முடிந்துவிட்டதை மாபுலெங்குக்கு முதலில் சொல்வது அவள் இடது கைச் சுண்டுவிரல்தான். விடிகாலையில் கஞ்சிப் பானைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் அந்த விரல் மட்டும் மரத்துப்போகும். மற்ற விரல்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பகல் முழுக்க வெயில் கொளுத்தலாம், பீச் மரத்தில் கடைசிப் பழங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அவள் அதையெல்லாம் பார்க்கமாட்டாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேரே பெண்கள் படுத்திருக்கும் கூடத்துக்குப் போய்க் கதவைத் தட்டுவாள்.

"எழுந்திருங்கடி. இன்னையிலேர்ந்து ஒத்தச் சட்டையோட யாரும் வெளியில வரக் கூடாது."

"வெயில் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குதே, ம்மே!" என்று உள்ளேயிருந்து யாராவது முனகுவார்கள். ம்மே என்றால் அவர்கள் பேச்சில் அம்மா.

"வெயில் பல்லைத்தான் காட்டும். கடிக்கிறது காத்து."

அந்தக் கூடம் ஹா ரமோக்கோ கிராமத்து ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கணவாய்க்குக் கீழே இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வலி கண்ட பிறகு குதிரை ஏறிக் கணவாய் தாண்டிவர முடியாது. அதனால் நாள் நெருங்கும்போதே வந்து அங்கே தங்கிவிடுவார்கள். பிள்ளை பிறந்து, உடம்பு கொஞ்சம் தேறியதும் திரும்பிப் போவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள் மாபுலெங். காலையில் புளித்த கஞ்சி, மத்தியானம் மக்காச்சோளக் களியும் கீரையும், எப்போதாவது ஆட்டெலும்பு. அவள் வேலை அவ்வளவுதான். அவர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பது அவள் பாடு அல்ல. ஆனால் அதை அவள் தன் பாடாக எடுத்துக்கொண்டாள்.

மலையில் இந்தப் பருவம் ஏமாற்றுக்காரப் பருவம். பூமியின் தென்கோடி நாடு அது, பிப்ரவரியில் கோடை முடியும், ஏப்ரலில் குளிர் பிடிக்கும். பிப்ரவரியில் வந்து சேரும் பெண் மெல்லிய கவுனும் ரப்பர் செருப்புமாக வருவாள். ஏப்ரலில் அதே கவுனோடு, கையில் பச்சைப்பிள்ளையோடு கணவாய் ஏறவேண்டும். நடுவில் உலகம் மாறியிருக்கும். பாப்லர் மரங்கள் மஞ்சளாகி, வழியெல்லாம் காஸ்மோஸ் பூ வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்து, முகட்டில் ஒருநாள் திடீரென்று வெள்ளை விழுந்திருக்கும். பகலில் வியர்க்கும், நிழலில் நடுங்கும்.

"சோளக்கதிரைப் பாத்திருக்கியா?" என்பாள் மாபுலெங், புதிதாக வந்தவளிடம். "வெளித்தோல் முரடு, உள்தோல் மெல்லிசு, அதுக்கும் உள்ள பட்டு மாதிரி நாரு. அப்படி உடுத்து. சூரியன் ஏற ஏற ஒவ்வொண்ணா உரி. இறங்க இறங்க ஒவ்வொண்ணா மூடு."

அவள் சமையலுக்குச் சேர்ந்த புதிதில் இப்படியெல்லாம் சொன்னதில்லை. ஒரு ஏப்ரலில், பிள்ளை பெற்ற இளம்பெண் ஒருத்தி பளிச்சென்ற காலை வெயிலைப் பார்த்து, குழந்தையைப் படுக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். எல்லாரும் சிரித்துக் கையசைத்து அனுப்பினார்கள். கணவாயில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு பாறையைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் குழந்தை ஊர் போய்ச் சேரவில்லை. செய்தியை அடுத்து வந்த வேனின் டிரைவர் கொண்டுவந்தான். மாபுலெங் அன்று களியை அடிப்பிடிக்கவிட்டாள். வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, தன்னுடையது, புருஷனுடையது என்று பார்க்காமல் இரண்டு கையாலும் அள்ளி, சாக்கில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நர்ஸ் பொலோக்கோ வாசலில் நின்று, "என்ன ம்மே, வீட்டை விட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்காத வீடில்லை. கல்யாண வீட்டில் கேட்பாள், துக்க வீட்டிலும் கேட்பாள். கடைக்காரனிடம் கேட்டு எலி கடித்த ஸ்வெட்டர்களை வாங்கி வந்து தைப்பாள். பாதிரியாரின் பழைய குரங்குக் குல்லாவை அவர் தலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கியவள் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். அவர் தலையைச் சொறிவதற்காகக் கழற்றியபோதுதான் கேட்டாள்.

அவள் புருஷன் மொஹாவ் தங்கச் சுரங்கத்தில் பல வருஷம் வேலை செய்து, இருமலோடும் முழங்கால் வலியோடும் ஊர் திரும்பி, இப்போது ஆடு மேய்க்கிறவன். ஒருநாள் சாயங்காலம் ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னான்.

"இன்னைக்கு நான் என்னையே பாத்தேன்."

"என்ன உளர்றீங்க?"

"கணவாய்ல. முதுகுல பிள்ளையக் கட்டிக்கிட்டு நான் நடந்து போய்க்கிட்டிருந்தேன். சுரங்கத்துல கொடுத்த அந்த ஆரஞ்சுப் பட்டை போட்ட கோட்டு. நடை மட்டும் என்னைவிடக் கொஞ்சம் அழகா இருந்துச்சு."

மாபுலெங் கரண்டியைப் பார்த்தபடி, "அது உங்களுக்கு இறுக்கமா இருந்துச்சு, ந்தாத்தே" என்றாள். ந்தாத்தே என்றால் ஐயா, புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கோட்டு சரியாத்தான் இருந்துச்சு. வயிறுதான் இறுக்கம். போகட்டும். இனிமே என் காற்சட்டையில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு. நான் அதுக்குள்ள இருக்கேனா இல்லையான்னு பாத்துக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. பிள்ளைக்குத்தான் பஞ்சம்.

கீழ்நாட்டிலிருந்து மணப்பெண்ணாக இந்த மலைக்கு அவள் வந்த அன்றைக்கு, மாமியார் அவள் தோளில் கம்பளி போர்த்தி, முற்றத்தில் எல்லாரும் கேட்க, "இனி இவ பேரு மாபுலெங்" என்று சொன்னாள். புலெங்கின் அம்மா. புலெங் என்றால் மழையில் வந்தவள். அன்று நல்ல மழை. வரப்போகும் பேத்திக்கு மாமியார் அப்படிப் பெயர் தேடிவைத்தாள். எல்லா மருமகள்களுக்கும் அப்படித்தான் பெயர் வைப்பது. முதலில் பெயர் வரும், பின்னால் பிள்ளை வரும். மாபுலெங்குக்குப் பெயர் மட்டும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் மழை வந்தது, புலெங் வரவில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் சர்ச்சிலும் கடையிலும் நாள் முழுக்க எல்லாரும் அவளை இல்லாத பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதலில் ஒவ்வொரு தடவையும் எங்கோ குத்தியது. பிறகு அது அவள் பெயர், அவ்வளவுதான் என்றாகிவிட்டது. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று மொஹாவிடம் சொன்ன அண்ணன்மார்களுக்கு, "ஒருத்தியோட வாய்க்கே எனக்குக் காது பத்தல" என்று அவன் பதில் சொன்னான்.

ஆனால் அவர்கள் ஊரில் கம்பளி வெறும் கம்பளி அல்ல. ஒருத்தி தெருவில் வந்தால், அவள் மேலிருப்பதைப் பார்த்தே அவள் யார் என்று சொல்லிவிடலாம். முதல் பிள்ளை பிறந்ததும் புருஷன் வாங்கிவந்து போர்த்தும் கம்பளி ஒன்று உண்டு. வாழ்நாளெல்லாம், குளிர் தொடங்கும் ஈஸ்டர் ஞாயிறன்று, சர்ச்சுக்குப் பெண்கள் அதைத்தான் போர்த்தி வருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாபுலெங் சாம்பல் நிறச் சால்வையோடு போவாள். உட்காருவதும் கடைசி பெஞ்சில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆட்டுரோமம் விற்கக் கீழே டவுனுக்குப் போன மொஹாவ் ஒரு பொட்டலத்தோடு திரும்பினான். பிரித்தால், ஒயின் சிவப்பில் ஒரு கம்பளி. கருப்பில் சோளக்கதிர்கள் ஏறி ஏறிப் போயிருந்தன, ஓரங்களில் நீளக் கோடு ஓடியது. என்ன கம்பளி என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"இது பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறது."

"தெரியும்."

"நான் எங்க பெத்தேன்?"

மொஹாவ் குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "வருஷா வருஷம் அத்தனை பொம்பளைங்க உன் கஞ்சியக் குடிச்சு, உன் கையில சாஞ்சுக்கிட்டுப் பெத்துட்டுப் போறாங்க. எந்தப் பிள்ளைக்குன்னு தனியா வாங்க? எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு வாங்கிட்டேன்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். களியை எடுத்துவைத்தாள். அவன் தூங்கிய பிறகும் அல்ல, விடிந்த பிறகும் அல்ல, அப்போதே, அவன் கண்ணெதிரிலேயே அதை அழகாக மடித்துத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தாள். "ஊரு சிரிக்கும்" என்றாள்.

அடுத்த வருஷம் முதல் குளிர் வந்த அன்று, "இந்த வருஷமாச்சும்?" என்று அவன் கேட்டான். "பாக்கலாம்" என்றாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

லிசேபோ வந்தது இந்த பிப்ரவரியின் கடைசியில். மஞ்சள் பூப்போட்ட மெல்லிய கவுன், ரப்பர் செருப்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வயிறு முன்னால் வந்தது, அவள் அதன் பின்னால் வந்தாள். கூடத்தில் அப்போது நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் மானேயோ. இது அவளுக்கு நாலாவது பிரசவம். வாய் பெரியது.

"உன் பேரென்ன தங்கச்சி?"

"லிசேபோ."

"அது பொறந்த வீட்டுப் பேரு. புகுந்த வீட்டுப் பேரைச் சொல்லு."

பெண் தரையைப் பார்த்தாள். "லிசேபோதான்."

கூடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றில் பிள்ளை தங்கிவிட, டிசம்பரில் தூமெலோ என்ற பையனோடு ஓடிப்போனவள் அவள். பையன் வீட்டார் பரிசமாக அவள் அப்பாவுக்குக் கொடுக்கவேண்டிய மாடுகள் இன்னும் போகவில்லை. மாடு போகாமல் மாமியார் கம்பளி போர்த்தமுடியாது, கம்பளி போர்த்தாமல் பெயரும் வைக்கமுடியாது. பையன் எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டான். உடுத்தியிருந்த துணியோடு ஓடியவளுக்கு, அம்மா வீட்டில் கிடக்கும் குளிர்த்துணியைப் போய் எடுக்கவும் முகமில்லை.

மாபுலெங்கின் சுண்டுவிரல் மரத்த அன்று எல்லாருக்கும் சாக்கிலிருந்து துணி வந்தது. லிசேபோ காலுறை வாங்கிக்கொண்டாள், குல்லா வாங்கிக்கொண்டாள். ஒரு பச்சை ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தாள். மேலே ஒரு பொத்தான் மாட்டியது, கீழே ஒன்று மாட்டியது.

"நடுவுல வயிறு கதவைத் தொறந்துக்கிட்டு எட்டிப் பாக்குது" என்றாள் மானேயோ. பெண்கள் சிரித்தார்கள். லிசேபோவும் சிரித்தாள். மாபுலெங் சாக்கின் அடியிலிருந்து ஒரு நீலக் கம்பளியை எடுத்தாள்.

"இந்தா. இதுதான் வயித்தைச் சுத்தி வரும்."

லிசேபோ அதைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இது பெண்டாட்டிமாருங்க போத்தறது, ம்மே. நான் இன்னும் யாரு வீட்டுக்கும் பெண்டாட்டி இல்ல."

"வயித்தைப் பாத்தா அப்படித் தெரியலியே" என்றாள் ஒருத்தி.

"கம்பளி வயித்தைப் பாக்காது" என்றாள் மானேயோ, "மாட்டைத்தான் பாக்கும்."

இந்தத் தடவை லிசேபோ சிரிக்கவில்லை.

மார்ச்சில் குளிர் படி இறங்குவதுபோல் இறங்கியது. ஒருநாள் மத்தியானம்வரை பெண்கள் வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பியது. சாயங்காலத்துக்குள் முகடு வெள்ளையாகிவிட்டது. மறுநாளிலிருந்து லிசேபோ இரும ஆரம்பித்தாள். காலையில் சமையலறையின் கிழக்குச் சுவரில் வெயில் விழும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்வாள். கைகள் இரண்டையும் ஸ்வெட்டரின் இடைவெளியில் வயிற்றின்மேல் வைத்து மூடிக்கொள்வாள். நர்ஸ் பொலோக்கோ அதட்டினாள். நர்ஸ் பார்க்கும்போது கம்பளி தோளில் இருக்கும். நர்ஸ் திரும்பியதும் மடிப்பாகிவிடும். மற்றவர்கள் முன்னால் அதைப் போர்த்திக்கொள்வது அவளுக்குத் திருடியதை உடுத்துவதுபோல் இருந்தது.

மாபுலெங் அவளைத் திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் தகரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொஹாவ் இரண்டுமுறை ஆட்டைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

காலையில் அவள் தகரப்பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அந்துருண்டை வாசனையோடு சிவப்புக் கம்பளி வெளியே வந்தது. மொஹாவ் அடுப்புப் பக்கம் டீக்குவளையோடு உட்கார்ந்திருந்தான். குவளையைக் கீழே வைத்தான். எழுந்து, சுவரில் தொங்கிய அவன் தொப்பிக்கு அடியிலிருந்து பெரிய ஊக்கு ஒன்றை எடுத்துவந்தான். எப்போதோ வாங்கி அங்கே வைத்திருக்கிறான்.

அவள் கம்பளியைத் தோளில் போட்டாள். "திருப்பிப் போட்டிருக்கே" என்றான். "கோடு நெட்டுக்கு வரணும். படுக்கையாப் போட்டா வளரமாட்டாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க."

"இந்த வயசுல இனி எங்க வளர?"

"சொல்ல முடியாது" என்று சொல்லி, கம்பளியைத் திருப்பி, நெஞ்சுக்கு நேரே இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஊக்கைக் குத்தினான். சுரங்கத்தில் தடித்துப்போன விரல்கள். கொஞ்சம் நேரம் பிடித்தது. குத்தி முடித்த பிறகும் கையை உடனே எடுக்கவில்லை.

ஊருக்குள் நடந்துபோனாள். குழாயடியில் நின்ற பெண்கள் அவளையே பார்த்தார்கள். வாளி நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி, "என்ன மாபுலெங், விசேஷமா?" என்றாள்.

"குளுருதுடி. வேற என்ன விசேஷம்?" என்றாள் மாபுலெங். நடையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பி வீட்டுக்கு ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

கூடத்தின் கதவைத் திறந்து உள்ளே போனாள். பெண்கள் படுக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மானேயோ எழுந்து நின்றுவிட்டாள்.

"ம்மே" என்றாள் மெதுவாக. "இந்தக் கம்பளி..."

"ஆமா. பிள்ளை பெத்தவ போத்தறது. நான் பெக்கல. ஆனாலும் போத்திக்கிட்டேன்." அவள் கம்பளியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "குளிர் வாசல்ல நின்னு, நீ பெத்தவளா, உனக்கு மாடு வந்துச்சான்னு கேட்டுட்டா உள்ள வருது? சும்மா பூந்துடுது. வேற யாருக்காச்சும் ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேளுங்க. எனக்குக் களி கிண்டற வேலை இருக்கு."

அவள் லிசேபோ பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

களி கொதித்துக் கட்டியாகும் நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. லிசேபோ. நீலக் கம்பளி தோளில் இருந்தது. முன்னால் இரண்டு ஓரத்தையும் முஷ்டியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஊக்கு எங்க குத்தறதுன்னு தெரியல, ம்மே. எனக்கு யாரும் காட்டினதில்ல."

"கிட்ட வா."

மாபுலெங் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் கிடந்த ஒரு பழைய ஊக்கைத் தேடி எடுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து மானேயோவின் குரல் வந்தது.

"அந்தத் துருப்பிடிச்சதால குத்தாதீங்க, துணி கிழிஞ்சுடும்." அவள் தன் கம்பளியிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "இதால குத்துங்க. எனக்கு ஒரு கயிறு குடுத்தாப் போதும். என் புருஷன் மாட்டையே கயிறு போட்டுத்தான் கட்டறான்."

லிசேபோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாபுலெங் ஊக்கைக் குத்தினாள். கம்பளி வயிற்றைச் சுற்றி வந்து, மிச்சமும் இருந்தது.

மானேயோ பிள்ளை பெற்று, கயிற்றால் கட்டிய கம்பளியோடு போய்விட்டாள். ஊக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில், தரையெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் லிசேபோவுக்கு வலி எடுத்தது. முதல் பிள்ளை, சுலபத்தில் வரவில்லை. மத்தியானம்வரை மாபுலெங்கின் கையை அவள் விடவில்லை. களியை அன்றைக்கு வேன் டிரைவர்தான் கிண்டினான், அதைப் பற்றி யாரும் புகார் சொல்லாமல் இருந்தது அவர்களுடைய நல்ல குணம். பெண் குழந்தை பிறந்தது. கோபக்கார முகம், தலை நிறைய முடி.

ஈஸ்டருக்கு முந்தைய நாள், பெரிய சனிக்கிழமையன்று குதிரையில் ஒரு அம்மாள் வந்தாள். உயரமாக, சிரிக்காத முகத்தோடு இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "தூமெலோவோட அம்மா" என்று மட்டும் சொன்னாள். லிசேபோ குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தவள், சட்டென்று எழுந்து, கையால் கம்பளியின் ஊக்கைத் தேடினாள், கழற்றிவிடலாமா என்று. நேரமில்லை.

அந்த அம்மாள் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இதை யாரு உனக்குப் போத்தினது?"

"நான்தான், ம்மே" என்றாள் மாபுலெங், சமையலறை வாசலிலிருந்து.

"மாடு இன்னும் போகலன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பனி விழுந்துச்சுன்னும் தெரியும்."

அம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் போர்த்தியிருந்ததைப் பார்த்தாள். பிறகு குதிரைக்குப் போய், சேணத்தின் பின்னால் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே புதுக் கம்பளி ஒன்று, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வீட்லேர்ந்து எடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள். குரல் முகத்தைப்போல் கடுமையாக இல்லை. "பாதி வழியில நெனைச்சுக்கிட்டேன், மாடு போகறதுக்கு முன்னாடி இதைப் போத்தினா இவங்கப்பன் இன்னும் கோவிச்சுக்குவானேன்னு. திரும்பக் கட்டி வெச்சுட்டேன். வெக்கம் எங்களோடது. மாடு தராதது நாங்க. இந்தப் பொண்ணு இல்ல."

"அவரு கோவிச்சா கோவிச்சுக்கட்டும்" என்றாள் மாபுலெங். "கோவப்படறவங்களுக்குக் குளிராது, ம்மே. குளிர்றது இவளுக்குத்தான்."

அம்மாள் வாயின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்லமுடியாது. கம்பளியை விரித்து, லிசேபோவின் தோளில், நீலத்துக்கு மேலேயே போர்த்தினாள். குழந்தையின் முகத்தை மூடாமல் ஓரத்தைச் சரிசெய்தாள். "பேரை இங்க சொல்லமாட்டேன்" என்றாள். "வீட்ல, முற்றத்துல, எல்லாரும் கேக்கச் சொல்றேன். தூமெலோ ராத்திரி பஸ்ஸுல வந்து சேந்துட்டான். கோழி அடிச்சு வெச்சிருக்கான்."

லிசேபோ நீலக் கம்பளியைக் கழற்றித் தரப் பார்த்தாள். மாபுலெங் விடவில்லை. "கணவாய் தாண்டற வரைக்கும் ரெண்டும் இருக்கட்டும். அந்தப் பக்கம் போனா யாருக்காச்சும் குடு. உன்னை மாதிரி எவளாச்சும் இருப்பா." குதிரையில் ஏற்றிவிடும்போது லிசேபோ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நர்ஸ் பொலோக்கோ பலமுறை கேட்டும் மாபுலெங் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வேன் டிரைவர் சேதி கொண்டுவந்தான். மாடுகளில் இரண்டு கணவாய் தாண்டிப் போயினவாம், மிச்சம் பின்னால் வருமாம். லிசேபோவின் அப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பேத்தி அவர் தாடியைப் பிடித்து இழுத்ததும் திரும்பிவிட்டாராம்.

அந்தச் சேதிக்கெல்லாம் முன்பே, லிசேபோ போன மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று மாபுலெங் சிவப்புக் கம்பளியோடு சர்ச்சுக்குப் போனாள். கடைசி பெஞ்சில் உட்காரவில்லை. நடு பெஞ்சில், ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். யாரோ அவர்களை உஷ் என்று அடக்கினார்கள். பாட்டு தொடங்கியதும் மாபுலெங்குக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

திரும்பி வரும்போது காற்று முகட்டிலிருந்து நேரே இறங்கிக்கொண்டிருந்தது. மொஹாவ் வெறும் கோட்டோடு, கையைப் பையில் விட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி மேட்டில் ஏறினான்.

"உங்க கம்பளி எங்க?"

"காலையில ஒரு குட்டி பொறந்துச்சு. தாய் கிட்ட சேக்கல. அதைச் சுத்தி வெச்சிருக்கேன்."

"துணியத் தூக்கிக் குடுக்கிறேன்னு என்னைச் சொல்லுவீங்க."

"குளுரல எனக்கு."

"பல்லு தாளம் போடுது."

மாபுலெங் நின்றாள். வழியில் முன்னும் பின்னும் சர்ச்சிலிருந்து வருகிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் நெஞ்சிலிருந்த ஊக்கைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டு, கம்பளியின் ஒரு பக்கத்தை விரித்தாள். மொஹாவ் அப்படியும் இப்படியும் பார்த்தான்.

"ஊரு சிரிக்கும்" என்றான்.

"வாங்க, ந்தாத்தே" என்றாள் ஊக்கைக் கடித்த வாயோடு.

அவன் உள்ளே வந்தான். ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, அவன் முழங்காலுக்கு எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு வேகத்தில், மேட்டில் ஏறிப் போனார்கள்.